தட்டுக் கொண்டுபோகச் சொன்னால் முகம் சுளிக்கிறார்கள்

வணக்கம் சகோதரி. நத்தாருக்குப் பலகாரத் தட்டை அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டால், உங்கள் 7 வயது மகனும் 10 வயது மகளும் படலையடியிலேயே நீட்டிவிட்டு ஓடிவருகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது.

தட்டில் இருப்பது அவர்களுடையது அல்ல, அதுதான் காரணம். நீங்கள் சுட்டு, நீங்கள் அடுக்கி, அவர்களைத் தூக்கச் சொல்கிறீர்கள். பயற்றம் உருண்டை பிடிக்கும்போதே பிள்ளைகளை உட்கார வையுங்கள். கோணலாக வரட்டும், அதையே அனுப்புங்கள். யாருக்கு என்ன பொருந்தும் என்பதையும் அவர்களே யோசிக்கட்டும். மார்கழியில் சைவ வீடுகளில் திருவெம்பாவைக் காலமும் வரும். விரதம் பிடிப்பவர்களுக்கு முட்டை போட்ட கேக் வேண்டாம், முறுக்கும் வாழைப்பழமும் வைப்போம் என்று உங்கள் மகளே சொல்லும் நாள் வரும்.

அப்புறம், ஒரு வீட்டையாவது முழுதாக அவர்களிடம் விடுங்கள். பிள்ளைகள் கனடாவிலோ லண்டனிலோ இருக்க, தனியாக இருக்கும் ஓர் ஆச்சி உங்கள் ஒழுங்கையிலும் இருப்பார். மழைக்கு முற்றத்தில் கிடக்கும் சருகைக் கூட்டிக் கொடுக்கலாம், வாசலில் நட்சத்திரம் கட்டிவிடலாம். என் மகன் அப்படிப் போன முதல் நாள் ஒரு மணித்தியாலம் கதை கேட்டுவிட்டு வந்தான். மறுநாள் நான் சொல்லாமலே போனான்.

படம் எடுத்துப் போடாதீர்கள், காசு கொடுத்தும் அனுப்பாதீர்கள். இந்த முறை இரண்டு வீடு போதும்.