ஒரு வீட்டுக்கு எத்தனை உலை?

கேள்வி: எனக்கு 47 வயது, எடை 84 கிலோ. ஈரோட்டில் ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். குடிப்பழக்கம் கிடையாது. ஆறு மாதம் முன்பு எடுத்த ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்', அதாவது கல்லீரலில் நடுத்தர அளவு கொழுப்பு, என்று வந்தது. அன்றோடு அரிசிச் சோற்றை விட்டுவிட்டேன். மனைவி காலை நாலரைக்கே எழுந்து எனக்கென்று தனியாகக் கம்பு, ராகி செய்து தருகிறாள் (அவளுக்கும் போன வருஷம் சுகர் வந்துவிட்டது). தினமும் நண்பர்களோடு வ.உ.சி. பூங்காவில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஒரே ஒரு கிலோதான் குறைந்திருக்கிறது. கல்லீரலைச் சுத்தப்படுத்தும் பொடி விற்கிறார்களே, வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. தூர்வாருவதற்குக் கல்லீரல் என்ன வாய்க்காலா? அந்தப் பொடியில் என்ன இருந்தாலும், அதையும் உங்கள் கல்லீரல்தான் அரைத்துத் தள்ள வேண்டும். பொடி விஷயம் இத்தோடு போகட்டும்.

அந்த அடைப்புக்குறிக்கு வருகிறேன். கடைக் கணக்கில் இவ்வளவு பெரிய பற்றை அடைப்புக்குறிக்குள் தள்ளினால் உங்கள் முதலாளி சும்மா விடுவாரா? உங்கள் வயது, எடை, கிரேடு எல்லாம் எழுதத் தெரிந்தது. மனைவியின் சுகர் அளவு ஒரு எண்ணாகக்கூட இல்லை. சுகர் உள்ளவர்களில் பாதிக்கு மேல் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்திருக்கும். அது தழும்பாக மாறும் ஆபத்தும் அவர்களுக்குத்தான் அதிகம். உங்களுக்கு முன்னால் ஸ்கேன் எடுத்திருக்க வேண்டியவர் அவர். எடுத்தீர்களா?

நீங்கள் பூங்காவில் காற்று வாங்கும்போது அவர் அடுப்படியில் நிற்கிறார். உங்களுக்கு ஒரு உலை, வீட்டுக்கு இன்னொரு உலை. அவர் என்ன சாப்பிடுகிறார் என்று கடிதத்தில் தேடிப் பார்த்தேன், காணோம். எனக்குத் தெரியும். இரண்டு பாத்திரத்திலும் மிஞ்சியதைப் பத்து மணிக்கு மேல் நின்றபடியே வழித்துப் போட்டுக்கொள்வார். இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி இந்தக் கதைதான்.

தனிப் பத்தியம் ஒரு வாரக் காய்ச்சலுக்குச் சரி. இது ஆயுசுக்கும் சாப்பிட வேண்டிய சாப்பாடு. சமைக்கிறவர் அலுத்துப்போகும் நாளில் உங்கள் கம்பும் முடிந்துவிடும். என் கட்சி பழைய கட்சி: ஒரு வீடு, ஒரு உலை. உங்கள் கல்லீரலுக்கு ஆகிற சாப்பாடு அவர் சுகருக்கும் ஆகும், பிள்ளைகளுக்கும் ஆகும். தட்டில் பாதி கீரை, பொரியல். கால் பாகம் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. மீதிக் கால் பாகம் சோறு, ஆமாம், சோறுதான். கம்பும் மாவுச்சத்துதான், தம்பி. கம்பு தோசை என்றால் கணக்கில்லை என்று நாலு தின்றிருப்பீர்கள். எடை எப்படி இறங்கும்? அவர் மாத்திரை போடுகிறவராக இருந்தால், சோற்றைத் திடீரென்று குறைக்கும் முன் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். சில மாத்திரைகளோடு சுகர் சட்டென்று இறங்கிவிடலாம்.

நடந்து முடித்து எங்கே போய் நிற்கிறீர்கள் என்றும் எழுதவில்லை. டீக்கடை வாசல்தானே? இரண்டு கரண்டி சர்க்கரை, கூட ஒரு பன். சர்க்கரையும் பாட்டில் ஜூஸும் கல்லீரலிலேயே கொழுப்பாக மாறுகிறவை. சர்க்கரை போடாத கட்டங்காப்பி குடியுங்கள், அது கல்லீரலுக்கு நல்லது.

உங்களுக்கு இலக்கு 6 கிலோ. அதில் கல்லீரல் வீக்கம் தணியத் தொடங்கும். 8 கிலோவுக்கு மேல் போனால் தழும்பு இருந்தால்கூட இளகலாம். வாரம் அரைக் கிலோ போதும். பட்டினி கிடந்து மளமளவென்று குறைத்தால் அதுவே கல்லீரலைக் கெடுக்கும்.

நடைக்கு வாரம் 150 நிமிடம் போதும். ஆனால் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். அரசியல் பேசிக்கொண்டு உலாத்துவது இதில் சேராது. அரை மணி விறுவிறுவென்று நடந்துவிட்டு வீட்டுக்கு வாருங்கள். மிச்ச அரை மணி உங்கள் மனைவியுடையது. காய் நறுக்குங்கள், தேங்காய் துருவுங்கள், அவர் ஐந்தரை வரை தூங்கட்டும். வாரம் இரண்டு நாள் இருவருமாக நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, சுவரில் கை ஊன்றித் தள்ளித் தசைக்கு வேலை கொடுங்கள். எடை இறங்காவிட்டாலும் உடற்பயிற்சியால் கல்லீரல் கொழுப்பு குறையும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் தெருவில் பதினைந்து நிமிடம் சேர்ந்து நடங்கள். சாப்பிட்டபின் ஏறுகிற சுகருக்கு அது கடிவாளம்.

இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். வயது, இரண்டு கல்லீரல் என்சைம்கள், பிளேட்லெட் எண்ணிக்கை, இவற்றை வைத்தே தழும்பு ஆபத்தைக் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். சந்தேகம் என்றால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் எழுதித் தருவார். இருவருக்கும் பாருங்கள். டோக்கன் போடும்போது அவர் பெயரை முதலில் கொடுங்கள்.