பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு கடவுளை நம்ப முடியுமா?

முடியும். ஆனால் பழைய நம்பிக்கை அப்படியே திரும்பாது. கோபம் வந்தால் கடவுளிடமே கொட்டுங்கள், தப்பில்லை. பைபிளில் வரும் யோபு பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்தவர். பார்க்க வந்த நண்பர்கள் 7 நாள் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரி. அப்புறம் 'எல்லாம் பாவத்தின் பலன்' என்று காரணம் சொல்ல ஆரம்பித்தார்களே, அங்கேதான் வினை. கடைசியில் கடவுளின் கோபம் மூண்டதும் அவர்கள் மேல்தான்.

'இன்னொன்று பெற்றுக்கொள்ளலாம்' என்பவர்களைத் தள்ளியே வையுங்கள். பிரார்த்தனை வாயில் வரவில்லையா? பிள்ளையின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு பெயரைச் சொல்லி அழுங்கள், அதுவும் பிரார்த்தனைதான். உங்கள் துணை அழாமலே இருக்கலாம். துக்கம் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் மட்டும், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.