ரத்தம் ஏற்றிய பிறகும் பிளாஸ்மா, கிரையோ எதற்கு?

கேள்வி: பிரசவமானதும் என் தங்கைக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆறு யூனிட் ரத்தம் ஏற்றிவிட்டு பிளாஸ்மா, பிளேட்லெட், கிரையோ (பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுப்பது) எல்லாம் வாங்கி வரச் சொன்னார்கள். ஃபைப்ரினோஜன் (ரத்தம் உறைய உதவும் புரதம்) 210, ரிப்போர்ட்டில் நார்மல் என்றே இருந்தது. தங்கை இப்போது நலம். ஆனாலும் காசு பிடுங்கிவிட்டார்களோ என்று உறுத்துகிறது.

பதில்: டாக்டர்கள் அவற்றைக் கேட்டது சரிதான். ரத்த வங்கி தரும் பையில் பெரும்பாலும் சிவப்பணு மட்டுமே இருக்கும். ரத்தத்தை உறையவைக்கும் பொருட்கள் பிளாஸ்மா என்ற திரவப் பகுதியோடு முன்பே பிரிந்துபோயிருக்கும். ஆறு பையும் வெறும் சிவப்பணு என்றால், உடம்பில் மிச்சமிருந்த உறைபொருளும் நீர்த்துவிடும். பையில் ரத்தம் உறையாமல் இருக்கக் கலந்திருக்கும் சிட்ரேட், உறைவதற்குத் தேவையான கால்சியத்தையும் இறக்கிவிடும். இப்படி நிறைய ரத்தம் ஏற்றும்போது நடுநடுவே கால்சியம் ஊசி போடுவது அதற்காகத்தான்.

அந்த 210-க்கு வருகிறேன். லேப் தாளில் 200 முதல் 400 வரை நார்மல் என்று இருக்கும். அது கர்ப்பமில்லாதவர்களுக்கான கணக்கு. நிறைமாதத்தில் சாதாரணமாகவே 400-க்கு மேல் இருக்கும். பிரசவ ரத்தப்போக்கில் சீக்கிரமே சரிவதும் ஃபைப்ரினோஜன்தான். ஆக உங்கள் தங்கைக்கு 210 என்றால் ஏறத்தாழ பாதி போய்விட்டது, ரத்தமும் நிற்கவில்லை. விபத்தில் அடிபட்டவருக்கு 150 வரை பொறுக்கலாம். பிள்ளை பெற்றவருக்கு 200-க்குக் கீழே போகவே விடக்கூடாது. கிரையோவில் ஃபைப்ரினோஜன் செறிவாக இருப்பதால் அதைக் கேட்டார்கள். கர்ப்பிணிக்கென்று தனி அளவை அந்தத் தாளில் அச்சிட லேப்களுக்கு என்ன கஷ்டம்? அந்த ஒரு வரி இல்லாததால் வீட்டார் டாக்டரிடம் சண்டைக்குப் போகிறார்கள்.

காசு போனது வேறு வழியாக இருக்கலாம். ரத்தத்தை விற்கக் கூடாது, பதப்படுத்தும் கட்டணம் மட்டுமே வாங்கலாம் என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு மறுபடி அறிவுறுத்தியது. வழக்கமான பை ஒன்றுக்கு 250 முதல் 1,550 ரூபாய் வரைதான். ரசீதை எடுத்துப் பாருங்கள். வாசலில் நின்று "டோனர் ஏற்பாடு பண்றேன், சீக்கிரம் வாங்கித் தர்றேன்" என்பவனை அண்டவே விடாதீர்கள். காசுக்கு ரத்தம் கொடுப்பது 1998-லிருந்தே தடை. சீக்கிரமும் அவன் கையில் இல்லை. உறைந்த பிளாஸ்மா 37 டிகிரி தண்ணீர்த் தொட்டியில் உருக அரைமணி நேரம் ஆகத்தான் செய்யும்.

உயிர் போகிற நேரத்தில் சொந்தக்காரரைப் பையோடு ஆட்டோவில் அலையவிடுவது என்ன முறை? அது ஆஸ்பத்திரி பார்க்க வேண்டிய வேலை. நல்லெண்ணத்தில் பிளேட்லெட்டையும் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அது 20 முதல் 24 டிகிரியில் இருக்க வேண்டியது, குளிரில் கெட்டுவிடும்.

தங்கைக்கு அடுத்த பிரசவத்திலும் இப்படி ஆக வாய்ப்பு சற்று அதிகம். டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரமாக வைத்து முதல் செக்கப்பிலேயே காட்டச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு, வளாகத்திலேயே ரத்த வங்கி உள்ள ஆஸ்பத்திரியாகப் பாருங்கள்.