கப்பலேறிய முன்னோரின் ஊர் எது? கேள்விகளும் பதில்களும்

பதிலுக்கு முன் ஓர் எச்சரிக்கை. உங்கள் பூர்வீகத்தைத் தேடித் தருகிறேன், முன்பணம் அனுப்புங்கள் என்று யார் சொன்னாலும் அனுப்பாதீர்கள். அந்தப் பணத்தில் வீட்டின் மூத்த பெண்மணி இருக்கும் ஊருக்கு டிக்கெட் எடுத்துப் போய், இரண்டு நாள் அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆவணக் காப்பகத்தைப் பிறகு பார்க்கலாம்.

டர்பனிலிருந்து ஒருவர்: என் பூட்டனார் பெயர் முனுசாமி. கரும்புத் தோட்டத்துக்கு மதராசிலிருந்து வந்தார் என்பது மட்டும் தெரியும். அவர் ஊரைக் கண்டுபிடிக்க முடியுமா, ஐயா?

முடியும் என்றே நம்புகிறேன். உங்களுக்குக் கிடைக்கும் பதிவு கடல் கடந்த வேறு பல தமிழர்களுக்குக் கிடைக்கவில்லை. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் மதராசிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று முதல் 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, தென்னாப்பிரிக்காவில் டர்பன் இருக்கும் நேட்டாலில் இறங்கினார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் மதராசில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. அந்த எண்தான் திறவுகோல். முனுசாமி என்ற பெயரைக் கொண்டு தேடினால் முனுசாமிகளின் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள். எண் ஒருவருக்கு மட்டுமே உரியது. திருமணம், இறப்பு, குழந்தையின் பிறப்பு என்று அரசாங்கத்தோடு அவருக்கு இருந்த எல்லாத் தொடர்பிலும் அது கூடவே வரும். வீட்டில் பழைய பெட்டி இருந்தால் அதிலுள்ள ஒவ்வொரு தாளையும் புரட்டுங்கள். ஃபேமிலிசர்ச் என்னும் இலவசத் தளத்தில் நேட்டால் இறப்புப் பதிவுகள் பலவற்றின் படங்கள் இருக்கின்றன.

எண் கிடைத்ததும் கப்பல் பட்டியலுக்குப் போங்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உடலில் உள்ள தழும்பு, வேலைக்கு அனுப்பப்பட்ட தோட்டம் என்று ஒரே வரியில் ஒரு மனிதர் நிற்பார். ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடாதீர்கள். அன்றைய வடஆற்காட்டுக்குத் தலைநகரம் சித்தூர். 1911இல்தான் சித்தூர் தனி ஜில்லா ஆயிற்று. ஆகவே வடஆற்காடு என்றிருந்தால் ஊர் இன்று ஆந்திரத்திலும் இருக்கலாம். ராமநாதபுரம் ஜில்லா 1910இல் உருவானது. அதற்கு முன் போனவருடைய பதிவில் மதுரை என்றிருந்தால் சிவகங்கைப் பக்கத்தையும் பாருங்கள். ‘மதராஸ்’ என்று மட்டும் இருந்தால் அது ஊர் அல்ல, கப்பலேறிய துறைமுகம்.

கிராமப் பெயரைக் கண்ணால் படிக்காமல் வாய்விட்டுப் படியுங்கள். எழுத்தர் காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் போட்டிருக்கிறார். ‘பாக்கம்’ என்பது ‘பாக்’ என்று தேய்ந்திருக்கும். ழகரம் லகரமாகியிருக்கும். நல்லூர் ‘நெல்லூர்’ என்று நிற்கும், அதை நம்பி ஆந்திரத்து நெல்லூருக்குப் போய்த் திரும்பியவர்களை நான் அறிவேன்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். என் பாட்டியின் அண்ணன் நேட்டாலுக்குப் போனவர். பதிவில் ஜில்லா வடஆற்காடு, தாலுக்கா வந்தவாசி. கிராமத்தின் பெயரில் முதல் மூன்று எழுத்துகள் மட்டுமே தெளிவு. அந்த மூன்றில் தொடங்கும் கிராமங்கள் தாலுக்காவில் நான்கு இருந்தன. கிராம நிர்வாக அலுவலரிடம் பழைய ‘அ’ பதிவேட்டைப் பார்த்தேன், பயனில்லை. நிலமே இல்லாதவருக்கு நிலப் பதிவேட்டில் ஏது இடம்? கடைசியில் வழி காட்டியது குலதெய்வம். டர்பனில் இருக்கும் அவருடைய பேரப்பிள்ளைகள் ஆண்டுதோறும் ஒரு பச்சையம்மனுக்குப் பொங்கல் வைக்கிறார்கள், கூடவே ஏழு முனிகளுக்கும் படையல் போடுகிறார்கள். நான்கு கிராமங்களில் ஒன்றின் ஏரிக்கரையில் அதே அமைப்பில் கோயில் இருந்தது. அங்கே ஒரு மூதாட்டி, “நேட்டால்காரன் வீட்டைக் கேட்கிறீர்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். வீடு இல்லை, வெறும் மனைதான். ஆனால் நூறு ஆண்டுக்கு மேலாகியும் அந்த மனைக்கு அந்தப் பெயர் நிலைத்திருந்தது. அன்று நான் அழுதேன்.

மோரீஷஸிலிருந்து ஒரு வாசகி: எங்கள் குடும்பப் பெயர் அருணாசலம். அதுதான் எங்கள் வம்சப் பெயரா?

இல்லை, அம்மா. தமிழருக்கு வம்சப் பெயர் எழுதும் வழக்கம் இல்லை. அங்கே போனபின் ஒருவருடைய பெயரோ அவர் தகப்பன் பெயரோ பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆகவே அருணாசலம் என்பவர் உண்மையில் வாழ்ந்த ஒரு மனிதர், உங்கள் முன்னோர். மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்துக்குப் போங்கள். குடியேற்றப் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. 1860களிலிருந்து எடுக்கப்பட்ட புகைப்படங்களும் உண்டு. உங்கள் முன்னோரின் முகத்தையே பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. எண்ணோடு போங்கள்.

ரீயூனியனிலிருந்து ஒருவர்: ஆவணத்தில் ‘மலபார்’ என்றிருக்கிறது. நாங்கள் கேரளத்தவரா?

பெரும்பாலும் இல்லை. ஐரோப்பியர் தமிழரை ‘மலபார்’ என்று அழைத்த காலம் அது. உங்கள் தீவில் தமிழ் வழிவந்தவர்களை இன்றும் ‘மல்பார்’ என்கிறார்கள். பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்கள் பெரும்பாலும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறினார்கள், ஆனால் அவர்களில் பலர் பிறந்த ஊர் பக்கத்து ஆங்கிலேய ஜில்லாக்களில் இருந்தது. திருமணப் பதிவைத் தேடுங்கள். பெற்றோர் பெயரும் பிறந்த ஊரும் அங்கே எழுதப்பட்டிருக்கக்கூடும். பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் உள்ள கடல்கடந்த நிலங்களின் காப்பகம், பழைய குடிமைப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒருவர்: எங்கள் தாத்தாவும் நேட்டால் தோட்டத்துக்கு வந்தவர். எப்படித் தேடுவது?

முதல் பதிலைப் படியுங்கள். எண்.

டர்பனிலிருந்து ஒரு வாசகி: கவுண்டர் ‘கோவெண்டர்’ ஆனதும், முதலியார் ‘மூட்லி’ ஆனதும் துறைமுகத்தில் வெள்ளைக்கார அதிகாரி மாற்றியதால்தானே? எங்கள் பெயரைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இந்தக் கதையை ஏராளமான குடும்பங்களில் கேட்டிருக்கிறேன். வலி உண்மை, நடந்த இடம் வேறு. பட்டியல் மதராஸ் டெப்போவில், அதாவது கப்பலேறுமுன் ஆட்களைத் தங்கவைத்த இடத்தில், கப்பல் புறப்படும் முன்பே எழுதப்பட்டது. பெயரைக் கேட்டு எழுதியவர்கள் இந்த ஊர் எழுத்தர்கள். ஆங்கிலத்தில் தமிழ்ப் பெயரை எழுத அன்று நிலையான முறை இல்லை. ஒரே வீட்டு அண்ணன் தம்பி இரண்டு கப்பலில் போய் இரண்டு எழுத்துக்கூட்டலோடு வாழ்ந்திருக்கிறார்கள்.

மார்த்தினிக்கிலிருந்து ஒருவர் குறுக்கிடுகிறார்: ஐயா சொல்வது ஆங்கிலேயக் காலனிகளுக்குப் பொருந்தலாம். எங்கள் பாட்டிமாருக்கு ஞானஸ்நானத்தில் பிரெஞ்சுப் பெயர் வைக்கப்பட்டது. அது பிடுங்கியதுதானே?

ஆம், நீங்கள் சொல்வது சரி. 1853இல் ‘ஔரேலி’ கப்பலில் தொடங்கி மார்த்தினிக்குக்குப் போனவர்களின் பிள்ளைகளுக்கு அது நடந்தது. என் பதில் நேட்டாலுக்கு மட்டும் என்று எழுதியிருக்க வேண்டும்.

ஃபிஜியின் சுவாவிலிருந்து ஒருவர்: எழுத்தரும் இல்லை, பாதிரியாரும் இல்லை. எங்கள் தாத்தா தாமே பொய்ப் பெயர் கொடுத்தார். கடனுக்குப் பயந்து ஓடியவர். சாகும்போதுதான் பாட்டியிடம் உண்மைப் பெயரைச் சொன்னார்.

இதைத்தான் யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்தேன். கடன்காரனுக்குப் பயந்தவர், வீட்டுக்குத் தெரியாமல் போனவர், மாமியார் கொடுமைக்குத் தப்பிய பெண், சாதி மாறி மணந்த இணை: இவர்கள் ஏன் உண்மைப் பெயர் தர வேண்டும்? டெப்போ வாசலில் ஒரு புதுப் பெயர் சொன்னால் பழைய வாழ்க்கை முடிந்தது. சாதிக் கட்டத்தையும் இதே கண்ணோடு படியுங்கள். சொல்ல விரும்பியதைச் சொன்னார்கள், எழுத்தர் புரிந்துகொண்டதை எழுதினார். அந்த ஒரு சொல்லை வைத்து இன்று யாரும் பெருமையோ சிறுமையோ கொள்ள வேண்டாம்.

ஃபிஜிக்கு மதராசிலிருந்து ஆள் போனது 1903 முதல் 1916 வரை மட்டும். அதனால் தேட வேண்டிய காலம் குறுகியது. சுவாவில் உள்ள தேசியக் காப்பகத்தில் கிரிமிட்காரர்களின், அதாவது ஒப்பந்தக் கூலிகளின், குடியேற்றச் சீட்டுகள் இருக்கின்றன. உங்கள் தாத்தா பெயரை மாற்றலாம், தகப்பன் பெயரை மாற்றலாம், உடலில் இருந்த தழும்பை மாற்ற முடியாது. பாட்டி அதைப் பற்றி எப்போதாவது சொன்னாரா என்று கேளுங்கள்.

டர்பன் வாசகி மீண்டும்: அப்படியானால் அவர்கள் மனமுவந்து போனார்கள் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. பஞ்சமும் கடனும் துரத்தியவர்களும், பொய் சொல்லி அழைத்துப்போகப்பட்டவர்களும் ஏராளம். பெயரைத் தாமே தேர்ந்தெடுத்தார்கள் என்பதால் பயணத்தையும் சுதந்திரமாகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஆகாது. இதைப் பற்றி மேலும் ஒன்பது கடிதங்கள் வந்திருக்கின்றன. அனைத்தையும் படித்தேன். ஆனால் தேடும் வழி கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.

பெனாங்கிலிருந்து ஒருவர்: தாத்தாவின் கப்பல் பட்டியல் மலேசியாவில் எங்கே கிடைக்கும்?

தாத்தா, தோட்டத்துக்கு ஆள் திரட்டும் மேஸ்திரியான கங்காணி மூலம் வந்தவரென்றால் நேட்டால் போன்ற எண்ணுள்ள பட்டியலை எதிர்பார்க்காதீர்கள். மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் வந்தவர்களில் பெரும்பாலோர் கங்காணியோடு வந்தவர்கள். அந்தக் குறையே உங்களுக்கு ஒரு வழியும் தருகிறது. கங்காணி தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலும்தான் ஆள் திரட்டுவார். ஆகவே தாத்தா வேலை செய்த தோட்டத்தின் மற்றக் குடும்பங்களைக் கண்டுபிடியுங்கள். அவர்களில் ஒருவருக்கு ஊர் தெரிந்தாலும் உங்கள் ஊர் பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் இருக்கும். தோட்டத்தின் செக்ரோல் என்னும் ஆள்வருகைப் பதிவேடு, தோட்டத்துக் கோயிலின் நன்கொடைப் பலகை, கல்லறைக் கல், மதராசிலிருந்து மலாயாவுக்கு ஓடிய ரஜுலா கப்பலில் வந்த காலத்துப் பாஸ்போர்ட் எதையும் விடாதீர்கள். ஊர்ப்பக்கத்துக் கோயில்களிலும் ‘மலாயா இன்னார் உபயம்’ என்று பொறித்த கற்களைப் பார்க்கலாம். வீடுகளில் மொய் நோட்டு இருந்தால் அதையும் கேளுங்கள்.

கூடலூரிலிருந்து ஒரு வாசகி: நாங்கள் கண்டிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து 1970களில் வந்தோம். அப்பாவுக்கு எந்த ஊர் என்றே தெரியாது.

அம்மா, உங்கள் மக்களை இரண்டு நாடுகளும் தாளில்தான் அலைக்கழித்தன. அந்தத் தாள்களே இப்போது உதவும். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான இந்திய-இலங்கை சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றியது, அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று. வந்தவர்களுக்குக் குடும்ப அட்டை தரப்பட்டது. முதலில் அதையும் அப்பாவின் இந்தியப் பாஸ்போர்ட்டையும் எடுங்கள். அதற்கும் முன்னால், 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி பிரஜாவுரிமை கேட்டு உங்கள் தாத்தா விண்ணப்பித்திருந்தால், தொடர்ந்து வசித்ததற்கான சான்றுகளைத் தந்திருப்பார். நகல் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பாட்டன், பூட்டன் அங்கே பிறந்தவர்களா என்று கேட்கும் கட்டங்கள் உண்டு. குடியுரிமையை மறுப்பதற்குப் பயன்பட்ட கேள்வி அது, இன்று உங்களுக்கு மூன்று தலைமுறையைக் காட்டக்கூடும். லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், அடுத்த வீட்டில் இருந்தவர்கள் கோத்தகிரியிலோ வேறு எங்கோ இருப்பார்கள். கங்காணி பற்றி மேலே சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

ஜார்ஜ்டவுனிலிருந்து ஒருவர்: கயானாவில் எங்கே போவது?

வால்டர் ராட்னி தேசிய ஆவணக் காப்பகம்.

லண்டனிலிருந்து ஒருவர்: எச்சிலைக் கொண்டு டி.என்.ஏ. பரிசோதனை செய்தால் ஊர் தெரிந்துவிடுமா?

தெரியாது. ஊரில் தங்கிவிட்ட உறவினரும் அதே பரிசோதனையைச் செய்திருந்தால்தான் ஒப்பிட முடியும்.

மூவர் கேட்டது: இந்த ஆவணங்களை வைத்து வெளிநாட்டு இந்தியர் அட்டை வாங்கலாமா?

தூதரகத்தைக் கேளுங்கள். விதிகள் மாறுகின்றன, நான் சொல்லி நீங்கள் ஏமாறக் கூடாது.

ஜொகானஸ்பர்க்கிலிருந்து ஒருவர்: தாத்தா பெயர் கோவிந்தசாமி. நேட்டால். எண் தெரியாது. ஒரு நிறுவனம் பணம் கட்டச் சொல்கிறது.

கட்டாதீர்கள். முதல் பதில், அதற்கு முன்னுள்ள எச்சரிக்கை, இரண்டையும் தயவுசெய்து படியுங்கள்.

செய்யாற்றிலிருந்து ஒரு முதியவர்: மற்றவர்கள் போன இடத்திலிருந்து ஊரைத் தேடுகிறார்கள். நாங்கள் ஊரிலேயே இருக்கிறோம். என் அப்பாவின் பெரியப்பா நேட்டாலுக்குப் போனார். கொஞ்சகாலம் பணம் வந்தது, 1902க்குப் பிறகு கடிதமும் இல்லை. மறந்துவிட்டாரா, இறந்துவிட்டாரா?

ஐயா, மறந்தார் என்று முடிவு செய்யாதீர்கள். ஒப்பந்தம் முடிந்தபின் திரும்பாமலும் மறு ஒப்பந்தம் செய்யாமலும் அங்கே தங்கியவர் மீது 1895ஆம் ஆண்டுச் சட்டம் தலைக்கு ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டது. ஒப்பந்தக் கூலியின் முதலாண்டுச் சம்பளம் மாதம் 10 ஷில்லிங். 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங், ஆறு மாத உழைப்பு. 1903 முதல் பருவம் வந்த பிள்ளைகளுக்கும் அந்த வரி நீண்டது. 1914இல்தான் ஒழிந்தது. இந்தச் சட்டத்தின்கீழ் போனவராக இருந்தால், ஊருக்குப் பணம் அனுப்ப அவரிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்களிடம் ஊர் இருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது, புறப்பட்ட காலமும் ஏறக்குறையத் தெரியும். மற்றவர்கள் கடைசியில் தேடி அடைவது உங்கள் கையில் முதலிலேயே இருக்கிறது. பழைய கடித உறை ஒன்றாவது இருந்தால் அஞ்சல் முத்திரையில் எந்த ஊர் என்று பாருங்கள். குலதெய்வத்தின் பெயரையும், அவர் உடலில் இருந்ததாகச் சொல்லப்பட்ட அடையாளத்தையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். பட்டியலை நானே பார்க்கிறேன்.