ஒட்டாமல் நிற்கும் பிள்ளைகளின் கதைகள்: கேள்வி பதில்

பெங்களூரு ஹலசூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் பதின்வயதுப் பிள்ளைகளோடு கதை படிக்கும் குழு ஒன்றை நடத்திவருகிறேன். இந்த முறை எடுத்துக்கொண்டது, எந்தக் கூட்டத்திலும் ஒட்ட முடியாமல் நிற்கும் இளையவர்களின் கதைகளை. பிள்ளைகளும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

அக்கா, இந்த மாதிரிக் கதைகள் எல்லாமே கடைசியில் "அவனையும் சேர்த்துக்கொண்டார்கள்" என்றுதானே முடியும்? அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும்?
பத்தாம் வகுப்பு மாணவி, ஹலசூரு

அப்படி முடிகிற கதைகள் நிறைய உண்டும்மா. அவற்றை ஒருமுறை படித்தால் போதும். மறுபடி படிக்கத் தோன்றும் கதையில் நீ பார்க்க வேண்டியது வேறு. சேர்த்துக்கொள்ள அந்தக் கூட்டம் என்ன விலை கேட்கிறது? அந்தப் பிள்ளை எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்க மாட்டேன் என்கிறது? கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

போன வாரம் நாம் பேசிய 'தி அவுட்சைடர்ஸ்' நாவலையே எடுத்துக்கொள். எஸ்.இ. ஹிண்டன் அமெரிக்காவின் டல்சா நகரத்துப் பெண். பள்ளியில் படிக்கும்போதே, 15 வயதில் எழுதத் தொடங்கினார். 1967-இல் புத்தகம் வந்தது. ஏழைப் பையன்கள் ஒரு கூட்டம், பணக்காரப் பையன்கள் இன்னொரு கூட்டம். 14 வயது போனிபாய் ஏழைப் பக்கம். எண்ணெய் தடவிய நீளமான முடிதான் அவர்கள் அடையாளம். பணக்காரப் பையன்களின் காரும் மெட்ராஸ் துணிச் சட்டையும் தங்களுக்குக் கிடைக்காது, முடியாவது இருக்கட்டும் என்று நினைப்பவர்கள். (நம் ஊர்க் கட்டம் போட்ட துணிதான் அங்கே வசதியானவர்களின் உடுப்பு!) ஒரு கொலை நடந்த பிறகு போனிபாயும் அவன் நண்பன் ஜானியும் பாழடைந்த ஒரு சர்ச்சில் ஒளிந்துகொள்கிறார்கள். யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று ஜானி கத்தியை எடுத்து இவன் முடியை வெட்டுகிறான், பிளீச் போடுகிறான். உயிர் போகிற ஆபத்து தலைக்கு மேல் நிற்கிறது, பையனுக்கோ முடி போன துக்கம். அந்த இடத்தை அவசரப்படாமல் படி. அந்த முடி போனால் தான் யார் பக்கம் என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

படம் பார்த்தால் போதாதா?
அதே வகுப்பு, இன்னொரு மாணவர்

பார்க்கலாம். 1983-இல் இயக்குநர் கொப்போலா எடுத்தார். ஒரு பள்ளி நூலகரும் மாணவர்களும் கடிதம் எழுதிக் கேட்டதால் எடுத்த படம் அது. ஆனால் முதலில் புத்தகம். போனிபாய் தனக்குள் பேசிக்கொள்வதெல்லாம் அங்கேதான் முழுசாக இருக்கிறது.

மேடம், தமிழில் இப்படி என்ன இருக்கிறது? என் மகனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.
ஒரு தந்தை, ராமமூர்த்தி நகர்

முதலில் அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. சிகந்திராபாத்தில் வளரும் தமிழ்ப் பையன் சந்திரசேகரன். அப்பாவுக்கு ரயில்வே வேலை. நாடு விடுதலை அடைந்துவிட்டது, ஹைதராபாத் மட்டும் இன்னும் நிஜாம் கையில். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழையும் வரைக்கும் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு படுவதை, கிரிக்கெட் ஆடிக்கொண்டு திரிகிற ஒரு பையனின் கண்ணால் பார்க்கிறோம். நேற்று வரை சேர்ந்து ஆடியவன் இன்று எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. வேறு மாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் தமிழர்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்று மட்டும். கடைசிப் பக்கங்கள் மிகவும் கனமானவை. 16 வயதுக்கு மேல் கொடுங்கள், முன்னால் நீங்கள் படித்துவிடுங்கள். தன் கூட்டத்தின் பெயரால் நடப்பது என்ன என்று அவன் நேருக்கு நேர் பார்க்கிற இடம் அது. ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஆனாலும் முதல் அத்தியாயத்தையாவது நீங்கள் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். பேச வருகிற பையனுக்குக் காதால் கேட்டால் புரியும்.

பையன் கல்லூரிக்குப் போன பிறகு நாஞ்சில் நாடனின் 'மிதவை'. பட்டம் வாங்கிவிட்டு வேலைக்காக பம்பாய் போகிற சண்முகத்தின் கதை.

வெளியூர் போனால்தான் வெளியாளா?
பெயர் வேண்டாம் என்றவர், ஸ்ரீராமபுரம்

இல்லவே இல்லை. பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' படித்துப் பாருங்கள். பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் தலித் சிறுவன் கூளையன். பிறந்த மண்ணை விட்டு எங்கேயும் போகாதவன். மேட்டுக்காட்டின் ஒவ்வொரு ஆடும் அவனுக்குப் பழக்கம். பண்ணையக்காரர் மகனும் அவனும் சேர்ந்து விளையாடுவார்கள், ஆனால் சாப்பாடு என்று வந்தால் வேறு வேறு. அந்தக் காட்டை அவனைவிட அறிந்தவர் யாரும் இல்லை, அதில் ஒரு பிடி மண்கூட அவனுக்கு இல்லை. இடம்பெயர்ந்தவர்களின் ஏக்கத்தை மட்டும் எழுதி, சொந்த ஊரிலேயே வாசலில் நிறுத்தப்பட்ட பிள்ளையை விட்டுவிட்டால் அது பாதிக் கதைதான்.

பெங்களூரில் வளரும் ஒரு தமிழ்ப் பையனைப் பற்றிக் கதை எழுதுகிறேன். எழுதியதெல்லாம் புலம்பலாக வருகிறது. என்ன செய்வது அக்கா?
கல்லூரி மாணவர், ஃப்ரேசர் டவுன்

உங்கள் வரைவைப் படித்தேன். 1991 காவிரிக் கலவரம், அதே காவிரிப் பிரச்சினையில் 2016-இல் எரிந்த பேருந்துகள், ஹலசூரு ஏரி அருகே 18 வருடம் மூடிக் கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலை என்று எல்லாவற்றையும் முதல் இரண்டு பக்கத்திலேயே கொட்டியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் உங்கள் பையனை அங்கே காணோம்.

ஒரே ஒரு நிமிடத்தை எடுங்கள். 2016 செப்டம்பர், பிஎம்டிசி பஸ், நல்ல கூட்டம். போன் அடிக்கிறது, அம்மா. "எங்கடா இருக்க?" என்று அவள் கேட்பது பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும். பையன் ஒரு நொடி நிறுத்திவிட்டு, "ஹூம்மா, பர்த்தீனி" (சரிம்மா, வர்றேன்) என்று கன்னடத்தில் சொல்கிறான். அம்மா ஏன் என்று கேட்காமல் அவளும் கன்னடத்துக்கு மாறுகிறாள். அதோடு விட்டுவிடுங்கள், விளக்கவே வேண்டாம். அவன் என்ன கொடுத்தான் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

அப்புறம், கன்னடப் பிள்ளைகளை எதிரியாக்காதீர்கள். 2009-இல் அந்த வாரமே சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. அது உங்கள் கதையில் எங்கேயும் இல்லை. உங்கள் பையனின் உயிர் நண்பன் கன்னடக்காரனாக இருக்கட்டும். வலி அப்போதுதான் ஆழமாக இறங்கும். வசனத்தில் சுத்தத் தமிழும் வேண்டாம். இந்த ஊர்ப் பையன் தமிழில் பேசும்போது கன்னடம் நடுவே வரத்தான் செய்யும்.

திருநெல்வேலியிலிருந்து வொயிட்ஃபீல்டுக்கு மாறி வந்தோம். என் மகளுக்கு 13 வயது, பள்ளியில் யாரோடும் பேசுவதில்லை. என்ன புத்தகம் கொடுக்கலாம்?
ஒரு அம்மா

புத்தகத்தை மருந்து மாதிரி கொடுத்தால் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடும். நீங்களும் சேர்ந்து படியுங்கள். "நீயும் இப்படித்தான் இருக்கியா?" என்று கேட்காதீர்கள். "இந்தப் பொண்ணு ஏன் தனியா உக்காந்து சாப்பிடுறா?" என்று கதையைப் பற்றிக் கேளுங்கள். சொல்ல இருப்பதை அந்தப் பாத்திரத்தின் மேல் ஏற்றிச் சொல்வாள். பல வாரமாகப் பள்ளிக்கே போக மாட்டேன் என்றாலோ, சாப்பாடு தூக்கம் கெட்டாலோ, புத்தகத்தை ஒதுக்கிவிட்டு வகுப்பு ஆசிரியரையும் மனநல ஆலோசகரையும் பாருங்கள். மற்றபடி ஒரு ஞாயிறு அவளை எங்கள் குழுவுக்கு அழைத்து வாருங்கள். பேசியே ஆக வேண்டும் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. எந்தப் புத்தகம் என்பதை அவளே எடுக்கட்டும், அட்டைப் படத்தைப் பார்த்து எடுத்தாலும் சரி.