தென் துருவம் போய்த் திரும்பிய பிரிட்டிஷ்காரர் ஸ்காட்டின் குழு, உணவும் எண்ணெயும் வைத்திருந்த கிடங்குக்கு 11 மைல் தூரத்தில் செத்தது முட்டாள்தனத்தாலா?

"நாயை நம்பாமல் மனுஷனை வண்டி இழுக்க வைத்த முட்டாள்" என்று கேள்வியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். ஏதோ வீடியோ பார்த்த சூடு என்று நினைக்கிறேன். நாய் விஷயத்தில், ஸ்காட்டோடு போட்டி போட்ட நார்வேக்காரர் அமுண்ட்சென் கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. 1911 டிசம்பர் 14 அன்றே தென் துருவத்துக்குப் போய்விட்டார். ஸ்காட் போய்ச் சேர்ந்தது 1912 ஜனவரி 17. ஆனால் திரும்பும் வழியில் நடந்ததில் ஒரு தோல் வாஷருக்கும் பங்கு உண்டு. அதை யாரும் பேசுவதில்லை.

என் அப்பா ஊட்டிப் பக்கம் ஸ்டவ் ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஸ்காட் சறுக்கு வண்டியில் கொண்டுபோன பிரைமஸும் நம் பம்ப் ஸ்டவ் ஜாதிதான். பனியை உருக்கினால்தான் குடிதண்ணீரே. ஸ்டவ் அணைந்தால் தாகத்துக்கும் வழி கிடையாது. வழியில் புதைத்து வைத்திருந்த மண்ணெண்ணெய் டின்களின் மூடியில் தோல் வாஷர். குளிரில் தோல் விறைத்துவிடும், எண்ணெய் சத்தமில்லாமல் போய்விடும். மார்ச் 2 அன்று கிடங்கில் பார்த்தால், இருந்தது அடுத்த கிடங்கு வரை காணுமா என்பதே சந்தேகம். நாலு பேருக்குப் போட்ட கணக்கில் ஸ்காட் ஐந்தாவது ஆளைச் சேர்த்ததில் சமையலுக்கும் கூடுதல் எண்ணெய். அமுண்ட்சென் டின்களை ஈயம் பற்றவைத்து மூடியிருந்தார்.

ஊட்டிக் குளிரும் அண்டார்டிகாவும் ஒன்றா என்று கமெண்டில் கிளம்பாதீர்கள். ஒன்றில்லை. ஆனால் நான் ஏழாவது படிக்கும்போது, ரேஷனில் வாங்கிய ஐந்து லிட்டர் டின்னை அக்கா பிரசவத்துக்கென்று பரணில் வைத்தோம். புது வாஷர் போட்டு மூடச் சொன்னார் அப்பா. எடுக்கச் சோம்பல்பட்டு பழையதையே போட்டு இறுக்கினேன். இரண்டு மாதம் கழித்து நடுராத்திரி பச்சைப் பிள்ளைக்கு வெந்நீர் வைக்க இறக்கினால், டின் பாதிதான். பரணில் ஈரம்கூட இல்லை, லேசாக வாடை மட்டும்.



ஸ்காட் சாவுக்கு எண்ணெய் ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. குழுவில் இருந்த எவான்ஸ் முன்பே இறந்தார், இன்னொருவர் ஓட்ஸின் கால் அழுகியது, கடைசியில் புயல் அடித்தது. அதெல்லாம் தெரியும். கிடங்கில் எண்ணெய் எப்படிக் குறைந்தது என்று தனக்கு விளங்கவில்லை என்று கடைசிச் செய்தியில் ஸ்காட்டே எழுதி வைத்தார்.

எங்கள் வீட்டில் அம்மா மறுநாளே ரேஷன் கடைக்குப் போய், அளவில் அடித்துவிட்டான் என்று ஊர் கூட்டினாள். அந்த மனுஷன் பிள்ளை மேல் சத்தியம் செய்தார். நான் அம்மா பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு விளங்கியிருந்தது. வாயைத் திறக்கவில்லை.