மூளைக்குப் பூச்சி ஏறுமா?

குடியாத்தம் பக்கத்திலிருந்து எழுதிய அம்மாவுக்கு: வீட்டுக்காரர் மலத்தில் வெள்ளை ரிப்பன் மாதிரி துண்டுகள், கோஸ் சாப்பிட்டால் மூளையில் புழு என்ற வாட்ஸ்அப் வீடியோ, பையன் முகத்தில் தேமல், ராத்திரி பல் கடிப்பது என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, போன மாதம் பையனுக்கு வலது கை மட்டும் இரண்டு நிமிடம் வெட்டி வெட்டி இழுத்தது என்பதைக் கடைசி வரியில் போட்டிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

நினைவு தப்பவில்லை, நுரை தள்ளவில்லை, சரி. ஆனாலும் அது வலிப்பாக இருக்கலாம். தானாக நின்றுவிட்டதே என்று விடாமல், இந்த வாரமே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கோ கூட்டிப்போய் தலை ஸ்கேன் எடுங்கள். வேலூர் மாவட்டத்தில் வலிப்பு உள்ளவர்களைக் கணக்கெடுத்து 2006-ல் சி.எம்.சி. மருத்துவர்கள் வெளியிட்டதில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் காரணம் மூளையில் இருந்த நாடாப்புழுக் கட்டிதான், அதாவது புழுக்குஞ்சு தங்கிய சின்னப் பை.

"அவன் பன்றிக்கறியே தொடமாட்டானே" என்கிறீர்கள். தொட வேண்டியதில்லை. சரியாக வேகாத கறியால் வரும் புழு, சாப்பிட்டவர் குடலோடு நின்றுவிடும், அது மூளைக்கு ஏறாது. ஏறுவது அதன் முட்டையிலிருந்து வரும் குஞ்சு. முட்டை வெளியேறுவது மனித மலத்தில். கழுவாத கை, தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாகச் சைவக்காரர் வயிற்றுக்கும் போகும். பன்றிக்கும் அந்த மலத்தைத் தின்றுதான் வருகிறது, பாவம்.

உங்கள் கணவர் மலத்தில் வந்த ரிப்பன் துண்டு அந்த நாடாப்புழுவுடையதாக இருக்கலாம்; அதனால் அவரையும் கவனிக்க வேண்டும். அந்தத் துண்டை ஒரு பாட்டிலில் போட்டு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், மாத்திரையில் தீரும். அதுவரை சோப்பு போட்டுக் கை கழுவாமல் அவர் யாருக்கும் சோறு பரிமாற வேண்டாம்.

மெடிக்கலில் வாங்கி வைத்திருக்கும் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரையைப் பையனுக்குக் கொடுத்துவிடாதீர்கள். மூளையில் கட்டி இருந்தால், அதற்குள் இருக்கும் புழு சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு கூடும். கண்ணில் இருந்தால் பார்வைக்கே ஆபத்து. ஸ்கேனும் கண்ணும் பார்த்தபிறகு, வீக்கத்துக்கான மருந்தோடு சேர்த்துத்தான் நாங்களே கொடுப்போம். ஒரே ஒரு சின்னக் கட்டி என்றால் பெரும்பாலும் சில மாதங்களில் சுருங்கிவிடும், வலிப்பு மாத்திரையை மட்டும் நடுவில் நிறுத்தக்கூடாது.

தேமலுக்கும் பல் கடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கோஸை நன்றாகக் கழுவி வேகவைத்துச் சாப்பிடுங்கள், வீடியோவை அழித்துவிடுங்கள்.

ஸ்கேன் முடிவு வரும்வரை கிணற்றில் குதிக்க விடாதீர்கள், பைக்கும் வேண்டாம். மறுபடி இழுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்; சாவிக்கொத்தைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 108.